ஐஸில் வைத்த வாரிசு

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், பி.எஸ்சி. முடித்த மூன்றாம் மாதம் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சென்னை டாக்டரம்மா பேசிய இங்கிலீஷை அப்பாவுக்குத் தமிழில் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எங்கள் தறிக்கார வம்சத்தில் நான்தானே முதல் பட்டதாரி.

"மருந்து ஏத்தினா பொழச்சிக்குவேனாம். ஆனா கர்ப்பம் தங்காம போலாமாம். அதுக்கு முன்னாடியே கருமுட்டைய எடுத்து உறைய வெக்கலாம்ன்றாங்க. கல்யாணம் ஆனவங்களுக்குக் கருவாவே வெப்பாங்களாம், அதுல பலன் ஜாஸ்தி. மூணு வாரந்தான் டைம்."

அப்பா காதில் கல்யாணம் மட்டும் விழுந்தது. ஆரணியில் பஸ் இறங்கியதும் நேராகத் தன் அக்கா பாஞ்சாலை வீட்டுக்குப் போனார்.

காலேஜ் போன பெண் தறியில் உட்காரமாட்டாள் என்று இரண்டு வருடம் முன்பு என்னை மருமகளாக எடுக்க மறுத்தவள் இந்த அத்தை. மறுநாளே மகன் வேலுவோடும் ஒரு சீப்பு பழத்தோடும் வந்துவிட்டாள்.

"மொதல்ல ஐஸ்ல கொழந்தைய வெச்சிடலாம் மாணிக்கம். அது நல்லா நின்னுதுன்னா தாலி கட்டிக்கலாம். இன்னா அவசரம்?" என்றாள் அப்பாவிடம்.

பஸ்ஸில் ஓர் ஆண் பக்கத்தில் உட்கார்ந்தாலே மானம் போச்சு என்று என்னைத் திட்டிய வாய் அது.

வேலு தலையைச் சொறிந்தான். "ஒரு டவுட்டு. நாளைக்கி நீ இல்லாங்காட்டி, அந்தக் கொழந்தைய வேற பொண்ணு வயித்துல வெக்க முடியுமா?"

"நல்ல கேள்வி மாமா. அவளையும் பாத்து வெச்சிகினுதான் வந்தியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"தேசூர்ல ஒரு எடம் பேசிகினு கீறோம்" என்றாள் அத்தை, வெட்கமே இல்லாமல்.

அப்பா முகம் கறுத்தது. ஆனால் கேள்வி என்னிடம்தான் வந்தது. "வெறும் முட்டைன்னா பலன் கம்மின்னியேம்மா."

"கம்மிதான். ஆனா அது என்னுது. கருன்னா பாதி இவங்களுது. நான் செத்தா முழுசும் இவங்களுது."

"கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு இதெல்லாம் பண்ணா, ஊருக்கு இன்னான்னு சொல்றது?" என்றார் அப்பா.

"கான்சருக்கு நான் சென்னை போறதையே பேங்க் கோச்சிங்னு ஊர்ல சொல்லி வெச்சிகீற. இதையும் அதுலயே சேத்துக்க."

முட்டையை மட்டும் உறைய வைக்கும் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் வயிற்றில் ஊசி. ஏழு முட்டைகள் கிடைத்தன. ஏழும் வீணாகலாம் என்பதை டாக்டரம்மா ஒளிக்கவில்லை.

முட்டை எடுத்த அன்று சாயங்காலம் தேசூர் நிச்சயத்துக்கு அழைக்க அத்தை போன் செய்தாள்.

"ஏழாமே. அதுல ஆம்பள எத்தினி?"

போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் கேட்டார், அத்தை பேசி முடிக்குமுன் அணைத்தார். மூன்றாம் நாள் காலை எனக்கு முதல் மருந்து ஏறியது.