பானையைத் தொட்டவர்கள்

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காகப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் வேலை பத்தாம் வகுப்புக்கு வந்தது. பழைய பதிவேடுகளைத் தூசு தட்டிப் பிரிப்பது ராஜமேரியின் பொறுப்பு. மூன்றாம் நாள், 1947ஆம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் அவள் கை நின்றது. சேரிப் பிள்ளைகள் பதினோரு பேரின் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். 'தண்ணீர்ப் பானையைத் தொட்டதால் நீக்கம்.' நான்காவது பெயர் யாகப்பன். அவளுடைய அப்பா.

"எனக்குப் படிப்பு மண்டையில ஏறல பாப்பா" என்றுதான் அவர் எப்போதும் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று அவள் கேட்ட மறுநாளே விழாக் குழுத் தலைவர் கிருஷ்ணப்பன் வந்துவிட்டார். பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்த அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் அவருடைய அப்பா. கிருஷ்ணப்பன் யாகப்பனையும் தலைமையாசிரியர் அறைக்கு ஆள்விட்டு வரவழைத்திருந்தார்.

"செத்துப்போன மனுசன் பேர நாறடிக்கத்தான் உம் பொண்ண படிக்க அனுப்புனியா? மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இல்லன்னா டி.சி.ய வாங்கிட்டுப் போ."

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். இப்போதைய தலைமையாசிரியர் சன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

ராஜமேரிக்கு அவரைவிட அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்கியது. "எங்கிட்ட ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா இந்த வாசப்படிய மிதிச்சிருப்பியா நீ?" என்ற யாகப்பன், கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பினார். "காயிதத்ததான கிழிச்சீங்க? எழுதிக்க பாப்பா. மொதல் பேரு சவரிராயன்."

தினமும் காலையில் வாத்தியார் கூப்பிட்ட அதே வரிசையில் பதினோரு பெயரையும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்தப் பெயர்களை அவள் பெரிதாக எழுதிய அட்டையை விழா அன்று உள்ளே மாட்ட விடவில்லை. வாசலுக்கு எதிரே, கம்பைநல்லூர் ரோட்டோரத்தில், யாகப்பன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு பேரில் உயிரோடிருந்த மற்ற ஏழு பேரும் கூட நின்றார்கள். கிருஷ்ணப்பன் ஜீப்பிலிருந்து இறங்கி விறுவிறுவென வந்தார்.

"இதையும் கிழிங்க, பாக்கலாம்" என்றாள் ராஜமேரி.

எட்டுப் பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். கிருஷ்ணப்பன் தரையில் காறித் துப்பிவிட்டு மேடைக்குப் போனார்.

திங்கட்கிழமை டி.சி. தயாராக இருந்தது. 'நடத்தை திருப்தியில்லை' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதைப் படித்துவிட்டு, "என்னம்மா செஞ்ச?" என்று கேட்டார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று நாள் யோசித்த பிறகுதான் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.