அமைதியை வேட்டையாடிய முறைகள்

அந்தக் காளையின் பெயர் அமைதி. கன்றாக இருந்தபோது ஒரு நாள் முழுக்கக் கத்தாமல் இருந்ததாம், அதற்காக வைத்த பெயர். மறுநாளே காரணம் போய்விட்டது. பெயர் தங்கிவிட்டது. பொங்கலன்று காலை அவனியாபுரம் வாடிவாசலிலிருந்து வெளியே வந்த அமைதி, மூன்று மாடுபிடி வீரர்களை மூன்று திசைகளுக்கு அனுப்பிவைத்து, தன்னை வளர்த்த சரண்யாதேவிக்கு ஒரு பீரோவை வென்று கொடுத்துவிட்டு, ஓடிவரும் காளைகளைப் பிடித்துக் கட்டும் கலெக்‌ஷன் பாயிண்டை நோக்கிப் பறந்தது.

அங்கே சுருக்குக் கயிறோடு நின்றவன் விஜய்ஆனந்த். கே.கே. நகர்க்காரன், சரண்யாதேவியின் வகுப்புத்தோழன், மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. உலக மொழிகளில் வேட்டைக்கு என்னென்ன சொற்கள், அவை எங்கிருந்து வந்தன என்று ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தான். சொந்தமாக அவன் வேட்டையாடியது ஒரு கரப்பான்பூச்சியை. அதுவும் தப்பிவிட்டது. வீட்டில் பேசும் சௌராஷ்ட்ர மொழியில் வேட்டைக்கு என்ன சொல் என்று அம்மாவிடம் கேட்டபோது, "நம்ம ஆளுக எப்படா வேட்டைக்குப் போனாக? தறிக்குல்ல போனாக" என்று பதில் வந்தது. அதையும் அடிக்குறிப்பில் சேர்த்திருந்தான்.

கயிறு பிடிக்க வேண்டிய சொந்தக்காரர் ஒருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டதால் அந்தப் பதவி இவனுக்கு வந்தது. காளைக்கு வாடை பழக வேண்டும் என்று ஒரு வாரம் வரச் சொல்லியிருந்தாள் சரண்யாதேவி. வந்தான், குளிப்பாட்டினான், பருத்திக்கொட்டை வைத்தான். ஏழாம் நாள் அமைதி அவன் சட்டைக் காலரையே நக்கிக் கொடுத்தது. எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் எட்டாம் நாள் பொங்கல். அம்மா விடுவாளா? எண்ணெய், சீயக்காய், சாம்பிராணிப் புகை, புது வேட்டி, இரண்டு காதுக்குப் பின்னாலும் ஜவ்வாது. மாப்பிள்ளை அழைப்புக்குப் புறப்பட்டவன் மாதிரி வந்து நின்றான்.

பக்கத்தில் நின்ற பால்பாண்டி, சரண்யாதேவியின் பெரியப்பா மகன். அவனிடம் விஜய்ஆனந்த் அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருந்தது இது: "கிரேக்கத்துல வேட்டைக்காரனுக்கு கினிகோஸ்னு பேரு மாப்ள. நாயக் கூட்டிட்டுப் போறவன்னு அர்த்தம். விலங்கு அந்தச் சொல்லுக்குள்ளயே இல்ல, கவனிச்சியா?"

"கவனிச்சேன். மாடும் இல்ல."

"எந்த மாடு?"

"இப்பப் போச்சே, அந்த மாடு."

அமைதி ஜவ்வாதை முகர்ந்து, இது யாரோ கல்யாண வீட்டு ஆள் என்று முடிவுசெய்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போயிருந்தது. தூசி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

சரண்யாதேவி மூச்சு வாங்க ஓடிவந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் விஜய்ஆனந்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "பொழுது சாயுறதுக்குள்ள மாடு வீட்டுக்கு வரலன்னா, நாளைக்கு உசிலம்பட்டிக்கு சித்தப்பா தோட்டத்துக்கு ஓட்டிருவேன்னு சொல்லிட்டாரு. பொம்பளப்பிள்ள கையில கயிறக் குடுத்ததே தப்புன்னு எங்க அத்தை வேற பக்கத்துல உக்காந்து எண்ணெய ஊத்துது."

அவள் அப்பா பீமாராவ் ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். அளவு எடுத்தால் நூல் பிசகாது, சொன்ன சொல்லும் அப்படித்தான். அமைதி உசிலம்பட்டிக்குப் போனால் திரும்ப வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"வாங்க, தேடுவோம்" என்றான் விஜய்ஆனந்த். "முறைப்படி தேடுவோம்."

அந்த 'முறைப்படி'யில்தான் மதியம் வரைக்கும் பொழுது போனது.

முதலில் கிரேக்க முறை. பால்பாண்டி தெருநாய் ஒன்றைப் பிடித்துவந்தான். அமைதியின் கழுத்துத் துண்டை மோப்பம் காட்டினார்கள். நாய் அதை ஆழ்ந்து முகர்ந்தது, அறிவாளி போலத் தலையைச் சாய்த்தது, பிறகு நேராகப் புறப்பட்டு இரண்டு தெரு தாண்டி ஒரு பிரியாணிக் கடைப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டது.

"நாயக் கூட்டிட்டுப் போகல மாப்ள, நாய்தான் நம்மளக் கூட்டிட்டு வந்திருக்கு" என்றான் பால்பாண்டி. "கிரேக்கத்துல இதுக்கு என்ன பேரு?"

அடுத்தது பின்லாந்து. "அவங்க மொழியில வேட்டைங்கிற சொல்லே காடுங்கிற சொல்லுல இருந்து வந்தது. மெட்சான்னா காடு. வேட்டைன்னா காட்டுக்குப் போறது, அம்புட்டுதான்." ஆகவே விமான நிலையத்துக்குப் பின்னால் கண்மாய்க் கரையோரக் கருவேலங்காட்டுக்குப் போனார்கள். உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் இவர்களைப் போலீஸ் என்று நினைத்து ஓட, போலீஸ் எங்கே என்று தெரியாமல் இவர்களும் ஓட, இரண்டு கூட்டமும் எதிரெதிர்க் கரைகளில் ஏறி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. புது வேட்டி முள்ளில் கிழிந்து இரண்டானது. மாடு இல்லை.

"பின்லாந்துல கருவேலமரம் இருக்கா?" என்று கேட்டாள் சரண்யாதேவி.

"இருக்காது."

"அதான் தைரியமாப் போறாங்க."

மணி ஒன்றரை. அவள் குரலில் சிரிப்பு இருந்தது, கண் மட்டும் அடிக்கொருதரம் சூரியனைப் பார்த்தது. விஜய்ஆனந்த் அடுத்த சொல்லை எடுத்தான்.

"பிரெஞ்சுல ஷாஸே. ஆங்கிலத்துல கேட்ச்னு சொல்றமே, அதுவும் இதுவும் ஒரே லத்தீன் வேரு. பிடிக்கிறது."

"பிடிக்கிறதுதாம்பா ஊருக்கே தெரியுமே. எங்க போயிப் பிடிக்கிறதுன்னு எந்த ஊர்க்காரனாச்சும் சொல்லிருக்கானா?" என்றான் பால்பாண்டி.

"ஜப்பான்ல" என்று தொடங்கியவன், இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான், "இலையுதிர்காலத்துல மேப்பிள் இலை செவக்கும். அதப் பாக்கப் போறதுக்கு மொமிஜிகாரின்னு பேரு. இலை வேட்டை."

"பாத்துட்டு?"

"வீட்டுக்கு வந்துருவாங்க."

பால்பாண்டி சரண்யாதேவி பக்கம் திரும்பினான். "இவன உசிலம்பட்டிக்கு ஓட்டுங்கப்பா. மாடு இங்கயே இருக்கட்டும்."

உண்மையில் அவனிடம் இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கடைசிக்கு வைத்திருந்தான். ரஷ்ய மொழியில் வேட்டைக்கு அஹோத்தா என்று பெயர். ஆசைக்கும் அதுவே பெயர். வேண்டும் என்கிற சொல்லிலிருந்து கிளைத்தது. தமிழிலும் வேட்டையும் வேட்கையும் ஒரே வேரா என்று அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியவில்லை. சரண்யாதேவியின் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்து இவ்வளவையும் ஒப்பித்தான்.

அவள் சட்டென்று நின்றாள். "அப்ப நம்ம என்ன மொழியில தேடுறோம்னு யோசிக்கக் கூடாது. அமைதிக்கு என்ன வேணும்னு யோசிக்கணும்."

"உனக்குத்தான தெரியும். என்ன வேணும் அவனுக்கு?"

"கரும்பு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலன்று மதுரையில் எந்த வீட்டு வாசலில் கரும்பு இல்லை? ஊர் முழுக்க அமைதிக்காகவே இரண்டு பக்கமும் கட்டிவைத்த மாதிரி அல்லவா இருக்கிறது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் காசிமாயன் பால்பாண்டிக்குத் தெரிந்தவர். அவர் தன் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார்: "அண்ணே, வாசல்ல கரும்பக் காணோம்னு எவனாச்சும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தா எந்த ஏரியான்னு சொல்லுங்கண்ணே." அஞ்சு நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. வில்லாபுரத்தில் அண்ணன் தம்பி இருவர் ஒருவரை ஒருவர் திருடன் என்றார்களாம். அனுப்பானடியில் ஒரு மாமியார் மருமகளைச் சந்தேகப்பட்டாராம். தெப்பக்குளத்தில், வைகைப் பாலத்துக்கு அந்தப்பக்கம், அண்ணா நகரில் என்று சண்டைகள் வரிசையாக வடக்கே போயின. கடைசிச் சண்டை கே.கே. நகரில்.

"உங்க ஏரியாதான் மாப்ள" என்றான் பால்பாண்டி, ஆட்டோவில் தொற்றிக்கொண்டே. "உன்னத் தேடி வந்திருக்கு பாரு, மன்னிப்புக் கேக்க."

கே.கே. நகர் அடுக்ககம் ஒன்றின் முன்வாசலில் அமைதி நின்றிருந்தது. பிடிபட்ட காளையின் சாயலே இல்லை. கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் சந்தனம், முன்னால் மலையாகக் கரும்பு. இருபது பெண்கள் சுற்றிவந்து கும்பிட்டார்கள். ஒரு குழந்தையை அதன் நிழலில் படுக்கவைத்து எடுத்தார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சௌரிராஜன் முன்னே வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "யாரும் தொடாதீங்க. நாளைக்கு மாட்டுப் பொங்கல். வருஷா வருஷம் பிரிண்ட் எடுத்து ஒட்டின படத்துக்குத்தான் நாங்க பூஜை பண்றோம். இந்த வருஷம் அவரே வந்துட்டார்."

"அது என் மாடு சார்" என்றாள் சரண்யாதேவி.

"இருக்கட்டும்மா. நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ."

"சார், இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள இவன் வீட்டுல நிக்கலன்னா எங்கப்பா வேற ஊருக்கு அனுப்பிருவாரு. அப்புறம் எனக்கு இவன் இல்ல."

சௌரிராஜன் தாடையைத் தடவினார். பிறகு விஜய்ஆனந்தைக் கிழிந்த வேட்டியோடு அடையாளம் கண்டு, சௌராஷ்ட்ரத்தில் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். "சரி" என்றார் சௌரிராஜன். "அவரா வந்தாரு. அவரா கிளம்பினா நான் தடுக்கல. கயிறு போட்டு இழுக்கறதெல்லாம் இங்க வேண்டாம், லேடீஸ் பயப்படுவாங்க."

அவராகக் கிளம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. அமைதி கரும்பு மலையின் அடிவாரத்தில்தான் இருந்தது. மணி மூன்றே முக்கால்.

சரண்யாதேவி கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிப் பால்பாண்டியிடம் கொடுத்துவிட்டு விஜய்ஆனந்திடம் சொன்னாள். "தெனம் சாயந்தரம் கண்மாய்ல இருந்து இவன் எப்படி வீட்டுக்கு வாரான்? நான் முன்னால போவேன், இவன் பின்னால வருவான். ஆனா நான் திரும்பிப் பாத்துட்டேன்னா பருத்திக்கொட்டை குடுக்கப் போறேன்னு நெனச்சு அங்கயே நின்னுக்குவான், அரை மணி நேரம் அசையமாட்டான். அதனால நான் திரும்பமாட்டேன். நீ பின்னால வா. இருக்கானா இல்லையான்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வா."

அவனுக்குப் போன் போட்டு, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். ஒரு தடவை நாக்கைச் சொடுக்கினாள். பிறகு வாசலைத் தாண்டி, கல்லூரிக்கு நேரமாகிவிட்டவள் போல நடக்கத் தொடங்கினாள்.

அமைதி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியது.

"வாரான்" என்றான் விஜய்ஆனந்த் போனில்.

இப்படியாக ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மாலை போட்ட காளை, அதற்குப் பத்தடி பின்னால் இரண்டாகக் கிழிந்த வேட்டியோடு ஓர் ஆய்வாளன், கடைசியில் காசிமாயனின் ஷேர் ஆட்டோ என்று ஓர் ஊர்வலம் மதுரையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு தெற்கே போனது. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது அவள் நின்றாள், அமைதியும் நின்றது. பக்கத்தில் பைக்கில் நின்றவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

"இருக்கான்."

"ம்."

"இருக்கான். ஒரு பஸ்ஸ மொறைக்கிறான். பஸ் ஒதுங்கிருச்சு."

"ம். இதுக்கு உங்க ஆளுக யாராச்சும் ஒரு சொல்லு வச்சிருக்காங்களா? முன்னால போயி, பின்னால வர வைக்கிறதுக்கு?"

அவன் மனதுக்குள் இருபது மொழிகளைப் புரட்டினான். துரத்தல் இருந்தது, பிடித்தல் இருந்தது, தேடல் இருந்தது. "தெரியல. ஒண்ணும் கிடைக்கல."

"எங்க ஊர்ல இதுக்கு வீட்டுக்குப் போறதுன்னு பேரு."

ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் இதைச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினான். வில்லாபுரம் வந்தபோது அவன் போனில் சார்ஜ் தீர்ந்தது.

கத்த முடியாது. கத்தினால் காளை மிரளும். அவளுக்கோ இனி ஒன்றும் கேட்காது, திரும்பவும் முடியாது. அவள் முதுகில் ஒரு சின்ன இறுக்கம் வந்ததைப் பார்த்தான். ஆனால் நடை மாறவில்லை. வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அமைதி நின்றது. அந்த வட்டாரத்திலேயே இரண்டு கரும்பும் முழுசாகக் கட்டியிருந்த ஒரே வாசல். காலையில் எப்படியோ தப்பித்த வாசல். அமைதி ஒன்றைப் பிடுங்கிக் கடிக்க ஆரம்பித்தது. சரண்யாதேவி போய்க்கொண்டே இருந்தாள். இடைவெளி ஒரு வீட்டு அகலம் ஆனது, நாலு வீடு ஆனது, ஒரு தெரு ஆனது. பால்பாண்டி ஆட்டோவிலிருந்து கயிறோடு இறங்கப் போனான். விஜய்ஆனந்த் கையைக் காட்டித் தடுத்தான். ஏன் தடுத்தான் என்று பிற்பாடு கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. அவள் தெருமுனையில் வளைந்து மறைந்தாள்.

அமைதி நிமிர்ந்தது. முன்னே வெறும் சாலை. வாயில் பாதிக் கரும்பு, வாசலில் மீதி ஒன்றரை. மாடு யோசிப்பதைக் கண்ணால் பார்த்ததாக விஜய்ஆனந்த் இன்றும் சொல்கிறான், யாரும் நம்புவதில்லை. பிறகு அது ஓடியது. வாடிவாசலில் ஓடிய ஓட்டமெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவனியாபுரத்தில் அவள் வீட்டுச் சந்துக்குள் அவர்கள் நுழைந்தபோது சூரியன் பட்டறைக் கூரைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. வாசலில் பீமாராவ் நின்றிருந்தார். சரண்யாதேவி அவருக்கு நேராக வந்து நின்றாள். இயர்போன் அடைத்த காதில் பின்னாலிருந்து சத்தம் எதுவும் விழவில்லை. அவள் திரும்பவில்லை.

"அப்பா" என்றாள். "பின்னால என்ன இருக்கு?"

பீமாராவ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். நிதானமாக, பட்டறையில் அளவு பார்ப்பதுபோல, கொம்பிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார்.

"வாய்ல கரும்பு இருக்கு" என்றார். "யாரு வீட்டுதுன்னு கேட்டுக் காலையில ஒரு கட்டு வாங்கிக் குடுத்துட்டு வா." பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றார். "போ, உன் மாட்டுக்குத் தண்ணி வையி."