பெறுநர்: நகராட்சித் தலைவர்

...தலைவர் என்றுதான் எழுதினேன், 'நகராட்சித் தலைவர், பாளையங்கோட்டை', அதுவும் அடிக்கோடு போட்டு... மாலை வகுப்பின் கரும்பலகையில் சுந்தர்ராமன் சார் 1994 என்று எழுதி வட்டமிடுகிறார், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகள், தச்சநல்லூர் பேரூராட்சி, எல்லாம் சேர்ந்து ஒரே மாநகராட்சி, நான்கு மண்டலங்கள், மன்றத்துக்கு மேயர், நிர்வாகத்துக்கு ஆணையாளர், போன வாரத் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான், பிறகு எப்படி, நான் பிறப்பதற்கு முன்பே இல்லாமல்போன பதவிக்கு மனு எழுதினேன்? தெருவில் எல்லோரும் இன்றைக்கும் முனிசிபாலிட்டி என்றுதான் சொல்கிறார்கள், மனுவில் பேச்சுச்சொல் வேண்டாமே என்று நல்ல தமிழில் மாற்றினேன், முனிசிபாலிட்டிக்கு நகராட்சி... சந்திப்பிழைகூட மூன்று முறை பார்த்தேனே.

நாளைக் காலை கொடுக்க வேண்டிய மனு. எங்கள் சந்தின் வளைவில் ஒரு விளக்கு, அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம், வகுப்பு முடிந்து செல்போன் வெளிச்சத்தில் அதைக் கடப்பவள் நான், அப்படியானால் விளக்கு தெருவுக்கா, எனக்கா? நாற்பத்தோரு வீட்டுக் கையெழுத்து, இடையில் தாளை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லக்கூடாதென்று முகவரியையும் கையெழுத்துகளையும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக வைத்தேன், எவ்வளவு யோசனை, எவ்வளவு ஒழுங்கு, இப்போது முகவரிப் பக்கத்தை மட்டும் மாற்ற வழியில்லை... இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து, மனுவை வைத்திருக்கும் மளிகைக்கடை பூதத்தான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, மனுவுல தப்பு பண்ணிட்டேன். நகராட்சின்னு போட்டுட்டேன், மாநகராட்சின்னுலா இருக்கணும்."

"ஒரு 'மா'தானே ரீபா? இடுக்குல சொருகிரு."

"தலைவரே இல்ல அண்ணாச்சி. ஆணையாளருக்கு எழுதணும்."

"அப்ப இல்லாத ஆளுக்கா நாப்பத்தோரு பேரு கையெழுத்து போட்டிருக்கோம்? நல்லாத்தான் படிச்சிருக்க போ!" அவர் சிரித்தார், பக்கத்தில் யாரோ கேட்டுச் சிரித்தார்கள். "அடிச்சு எழுதுட்டி, யாரு பாக்கப்போறா?"

அடித்து எழுதலாம்தான்... ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட பிறகு நான் ஒரு சொல்லை மாற்றினால், அது அவர்கள் மனுவா, என் மனுவா? வேண்டாம், புதிதாக எழுதி மறுபடி வாங்குகிறேன் என்றேன். "அப்ப வீடு வீடாப் போயி, தப்பா எழுதிட்டேன்னு சொல்லுவியா?" என்றார், இப்போது சிரிக்கவில்லை.

இரண்டாம் பாடத்துக்கு உட்காரவில்லை, ஏழு மணிக்கெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டேன், கையில் புதுத் தாள், 'ஆணையாளர், திருநெல்வேலி மாநகராட்சி', நான்கு முறை சரிபார்த்தாயிற்று. முதல் வீடு பியூலா டீச்சர், ஓய்வு பெற்றும் கையில் பேனா இல்லாமல் வாசிக்க மாட்டார், கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என் மனுவை முழுதாக வாசித்தார், ஒரு காற்புள்ளி வைத்தார், நகராட்சியைத் தொடவில்லை... அவருக்கே தெரியவில்லையா, தெரிந்தும் என்னை நோகடிக்க வேண்டாமென்று விட்டுவிட்டாரா? இன்றைக்கு நான் போய் நின்றால் அது என் தப்பா, அவருடையதும்தானா? உள்ளே செருப்புச் சத்தம் வருகிறது, திருத்தம் என்று சொல்லலாம், திருத்தம் என்றால் யாருக்கும் நோகாது... வழியெல்லாம் அந்தச் சொல்லைத்தான் தயார்செய்துகொண்டு வந்திருக்கிறேன், 'தப்பு' என்பதையல்ல.