பொரிக் கூடையின் கனம்

சகாயநாதன் சாவடி உத்தியோகம் முடிந்து ரெத்ரேத் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாளுக்கே மகளுக்குப் பாக்கு வெற்றிலை மாற்ற நாள் குறித்துவிட்டாள் அவர் மனைவி இருதயமேரி. வேலை இல்லாமல் உட்கார்ந்தால் மனுஷன் வீட்டிலுள்ள பானை சட்டியையெல்லாம் சோதனை போடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மீசை கறுப்பாக இருந்தபோது சேதராப்பட்டு எல்லைச் சாவடியில் நிற்கத் தொடங்கியவர், அது பஞ்சாய் வெளுத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார். சாவடிக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை. அந்தப் பக்கத்திலிருந்து திருட்டு உப்பும் திருட்டுச் சாராயமும் புதுச்சேரிக்குள் வராமல் பார்ப்பது அவர் வேலை. வைக்கோல் வண்டியானாலும் குத்தூசியை விட்டுக் குடைந்து பார்ப்பார். ஒருமுறை பங்குச் சாமியாரின் வண்டியையே நிறுத்தி, பூசை உடுப்புப் பெட்டியைத் திறக்க வைத்தார். பெட்டிக்குள் பூசை உடுப்புதான் இருந்தது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. வெட்கப்படுகிறவனுக்குச் சாவடியில் என்ன வேலை?

சிவப்புத் தொப்பியையும் இடுப்பு வாரையும் முந்தின நாள் சிரித்துக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தார். குத்தூசியைக் கொடுக்கும்போது மட்டும் கை தயங்கியது. வாங்கிக்கொண்ட புது ஆள் அதைக் காது குடைகிற குச்சி மாதிரிப் பிடித்தான். இனிமேல் எல்லை உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

விடிந்ததும் இருதயமேரி ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குக் கைய கட்டிக்கினு சும்மா இருங்க. இது மூணாவது எடம்."

"மொத ரெண்டையும் நானா கெடுத்தேன்?"

"பின்ன? அந்த மாப்ள ஜேப்புல இன்னாத்துக்குக் கை வுட்டீங்க?"

"பொடச்சிக்கினு இருந்துது. பார்த்தேன்."

"செபமாலைங்க அது!"

"பார்த்தப்புறந்தானே தெரியுது, செபமாலைன்னு."

உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த சகாயசெல்வி தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பா, எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு."

மகள் இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை. சகாயநாதன் கையைக் கட்டிக்கொண்டார். "மாதா மேல ஆணையா யாரையும் தொட மாட்டேன். போதுமா?" என்றார்.

உச்சிவேளைக்குக் கூண்டு வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இங்கிலீஷ் சீமையில், திண்டிவனம் பக்கத்தில் கோயில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடிகாரர்களைத் திட்டியே பெயர் வாங்கியவர். அவர் பின்னால் மாப்பிள்ளை, அவனுக்குப் பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். கடைசியாக அவன் தாயார் சூசைமேரி, தலையில் பொரிக் கூடையோடு வந்தாள்.

சகாயநாதன் அவள் கழுத்தைப் பார்த்தார். பொரி சுமக்கிற கழுத்து அப்படி அமுங்காது. கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மாதா மேல் ஆணை.

அவள் கூடையை இறக்கினாள். பொரிக் கூடை பூ மாதிரி உட்கார வேண்டும். இது தொம்மென்று உட்கார்ந்தது.

அவ்வளவுதான். மூலையில் இருந்த குடை எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. குடை முனை பொரிக்குள் இறங்கி 'ணங்' என்றது.

உபதேசியார் எழுந்துவிட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தவங்கள திருடன்னு நெனச்சியா? ஏ சூசை, தூக்கு கூடைய! வண்டிய பூட்டச் சொல்லு!"

அறை வாசலில் சகாயசெல்வியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. தன் ஆயுசிலேயே முதல் தடவையாக, உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது கடவுளே என்று சகாயநாதன் வேண்டிக்கொண்டார்.

சூசைமேரி பதற்றத்தில் கூடையை ஒரு பக்கமாகத் தூக்கினாள். பொரி சரிந்தது. அதோடு புட்டிகள் உருண்டு ஓடின. ஒன்று உபதேசியாரின் காலில் போய் முட்டி நின்றது.

சகாயநாதன் எடுத்து முகர்ந்து பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. காலிப் புட்டியைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்த ஆளை அவர் சாவடியில் கண்டதே இல்லை.

"என்னைய ஏன் எல்லாரும் பார்க்குறீங்க?" என்று வெடித்தாள் சூசைமேரி. "இவருதான்! 'புதுச்சேரி பிராந்தி முட்டி வலிக்கு நல்லதாம், போறப்ப ரொப்பிக்கினு பொரிக்குள்ள வச்சிடு, இங்கிலீஷ்காரச் சாவடியில எவன் பார்க்கப் போறான்'னாரு. கழுத்து ஒடிஞ்சது எனக்கு!"

உபதேசியார் மெல்ல உட்கார்ந்தார். "மருந்துக்கு..." என்றார்.

இப்போது ஒரு வார்த்தை சகாயநாதன் சொல்லியிருந்தால் போதும், அந்த மனுஷர் மானம் போயிருக்கும். சம்பந்தமும் போயிருக்கும். அவர் மகளைப் பார்த்தார். புட்டியை வேட்டியில் துடைத்தார்.

"காலிப் புட்டி உள்ள வரக்கூடாதுன்னு எங்க சட்டத்துல இல்ல, சம்பந்தி. ரொம்பி வெளிய போறது இங்கிலீஷ்காரன் பாடு. அதுக்கு எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பொரியில வச்சா குருடன்கூட புடிச்சிடுவான்."

உபதேசியார் நிமிர்ந்தார். "நெல்லு மூட்டையில?"

"அதத்தான் மொதல்ல குத்துவான்."

"பின்ன எங்கதான் வைக்கிறது?"

"கருவாட்டுக் கூடை. அதுல கை வுட்ட ஒரே ஆளு நாந்தான். அந்தப் பக்கத்து ஆளுங்க மூக்க புடிச்சிக்கினு 'போ போ'ம்பானுங்க."

சூசைமேரிதான் முதலில் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தும் முடியவில்லை. இருதயமேரி தலையில் அடித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள், இன்னொரு விபரீதம் வருவதற்குள் மாற்றிவிட வேண்டுமென்று. பாக்கு வெற்றிலை மாறியது. சகாயசெல்வி யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய், இருந்த கருவாட்டையெல்லாம் கூடையில் கொட்டினாள்.

பொழுது சாய, கருவாட்டுக்கடியில் நிரம்பின புட்டிகளோடு வண்டி புறப்பட்டது. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உபதேசியார் மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார்.

"துண்ட எடுங்க சம்பந்தி!" என்று வண்டிக்குப் பின்னால் நடந்தபடியே கத்தினார் சகாயநாதன். "தன் கருவாட்டுக்கே மூக்க மூடுறவன எவன் நம்புவான்?"