தினம் ஒரு வாளிப் பூ

தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே கண்ணாடிக்காரிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வாரி முடித்த தலையை அவிழ்த்து மறுபடி வாரினாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். ஏணியின் வால் சமையலறைக் கதவில் மோத, கதவு சுவரில் மோத, உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறந்தாள்.

"வந்தாச்சா மரத்துக்கு மாப்பிள்ளை?"

"மரத்துக்குத்தானே வர்றார்? உனக்கென்ன?"

"எனக்கென்ன வந்தது? வெயிலுக்கு மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சே, சரி. உனக்கெதுக்குடி இவ்வளவு பவுடர்?"

அக்கா தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். பேச்சும் அப்படித்தான். படாரென்று விழும், அழியாது.

ரொட்டிக்காரர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். விடியலில் அடுப்படி வேலையை முடித்த கையோடு வருகிறவர். முழங்கைவரை மாவு அப்பியிருந்தது. கையில் ஒரு வாளி. அதில் பாதி தண்ணீர், மீதி அவகாடோ மரத்துப் பூங்கொத்து. வெளிறிய பச்சை மஞ்சளில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள். அழகு என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை தினமும் காலையில் பூவும் கையுமாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பூ என்ன ஜாதி என்று தெரு விசாரிக்குமா?

இத்தனைக்கும் விஷயம் கடையில் ஆரம்பித்த வியாபாரம்தான். கடைத்தெருவில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. கல்யாணப் பேச்செல்லாம் வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்து போய் வெகுகாலம் ஆயிற்று. வீட்டுக் கொல்லையில் ஒரு அவகாடோ ஒட்டுக்கன்று நட்டிருந்தாள். வேரில் தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது என்று மண்ணை மேடாக்கினாள். சருகைக் கொட்டி மூடாக்குப் போட்டாள். மரமும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. வருஷம் முழுக்கப் பச்சை, பருவம் வந்தால் கிளை தெரியாமல் பூ. பிஞ்சு மட்டும் பேருக்குக்கூட ஒன்று இல்லை.

அப்போதுதான் ரொட்டிக்காரர் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வந்தார்.

"பேப்பர் படிக்கவா சார்?"

"படிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம் மேடம். பூவுக்குள்ள பிஞ்சு இருக்கான்னு பார்க்கணும்."

பேக்கரியின் பின்கட்டில் அவருக்கும் ஒரு அவகாடோ மரம். அதற்கும் அதே வியாதி. நாற்றுப்பண்ணையில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்; இவள் தன் மரத்துக் கதையைச் சொன்னதும், அது எந்நேரம் பூக்கிறது என்று கேட்டுக்கொண்டு, கடை மேஜையில் சாய்ந்தபடி விளக்கினார்.

"பொல்லாத பூ மேடம் இது. ஒரே பூ முதல் நாள் பெண்ணா விரியும், மூடிக்கும். மறுநாள் ஆணா விரியும். உங்க மரம் காலையில பெண். அந்நேரம் அதுல ஆண் பூவே இருக்காது. என் மரம் நேர்மாறு. காலையில ஆண், மத்தியானம் பெண்."

"அப்ப ரெண்டும் சேர்ந்திருந்தா காய்க்கும்?"

"காய்ச்சுத் தள்ளும். நடுவுல நாலு தெரு இருக்கே!"

நாலு தெருவைத் தாண்ட ஒரே வழிதான். அவர் மரத்துப் பூங்கொத்தை வெட்டி, வாளித் தண்ணீரில் வைத்து, இவள் மரத்தில் தொங்கவிடுவது. இவள் மரத்துக் கொத்து இன்னொரு வாளியில் அங்கே போகும். மிச்ச வேலையைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். "பிஞ்சு பிடிக்கிறவரைக்கும்தான் மேடம்," என்றார் அவர். "பிடிச்சிட்டா வாளிக்கு வேலை இல்லை."

அன்று அந்த வாக்கியம் நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அப்புறம் தினமும் காலையில் அவர் ஏணி ஏறுவார், இவள் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். மேலே தேனீ ரீங்காரம். அவர் கை அசையும்போதெல்லாம் மாவு உதிர்ந்து இவள் தலையில் விழும். அதைத் தட்ட மனசு வராமல் அப்படியே கடைக்குப் போவாள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் அவளை உற்றுப் பார்த்து, "என்னம்மா, ஒரே ராத்திரியில இப்படி நரைச்சிடுச்சே?" என்றார். கண்ணாடி வாங்க வந்தவர் வாயிலிருந்து அப்படி வந்ததும், "உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு சார்," என்று ஒரு பொய் சொன்னாள்.

மேலே இருந்தபடி அவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். முதலாளி என்று சொல்ல ஆளில்லை, தொழிலாளி என்று சொல்லவும் ஆளில்லை, பேக்கரிக்கு எல்லாம் தானே என்பார். "என்னைத் திட்டணும்னாகூட நானேதான் திட்டிக்கணும். சமயத்துல எதிர்த்தும் பேசிடுவேன்." இவள் சிரிக்கிற சிரிப்பில் ஏணி ஆடும். "மேடம், சிரிக்கறதுன்னா நான் இறங்கின பிறகு சிரிங்க!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணில் செருகிப் பார்க்கும் கடை லென்ஸோடு அவளே ஏணி ஏறினாள். ஒரு கொத்தில், வாடிய பூவுக்கு நடுவே, பச்சையாக, பளபளவென்று, குண்டூசித் தலை அளவுக்கு என்னவோ. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த கிளையில் இன்னும் இரண்டு.

"பிஞ்சு!" என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிடிச்சிட்டா வாளிக்கு வேலை இல்லை. வாளிக்கு வேலை இல்லையென்றால் வாளி வராது. வாளி வராவிட்டால்?

மறுநாள் அவர், "ஏதாவது தெரியுதா மேடம்?" என்று கேட்டபோது, "ஒண்ணுமே இல்லைங்க," என்றாள். இவ்வளவு காலம் ஒரு பிஞ்சுக்காக ஏங்கியவள்!

பிஞ்சு பொய்க்குக் கட்டுப்படுமா? குண்டூசித் தலை மிளகாயிற்று, மிளகு பட்டாணியாயிற்று. துணி மாட்டும் கிளிப்பால் இலைகளை இழுத்து அவற்றின் மேல் மூடினாள். அது போதாதென்று கிளைமேல் போர்வையைக் காயப்போட்டாள். "கொடி காலியா இருக்கு, மரத்துக்கு எதுக்குடி போர்வை? குளிர் ஜுரமா?" என்றாள் அக்கா.

கடைசியில் ஒரு நாள், தொழில் தர்மத்தையே தூக்கிப் பரணில் போட்டாள். "உங்க கண்ணாடித் திருகு ஆடுதே, குடுங்க, சரி பண்ணித் தர்றேன்," என்று வாங்கிக்கொண்டாள். திருகு ஆடவேயில்லை. கண்ணாடி அவள் மேஜை இழுப்பறைக்குள் போனது; "நாளைக்கு", "திருகு வரணும்", "மெஷின் ரிப்பேர்" என்று அங்கேயே தங்கிவிட்டது. தூரப்பார்வை நன்றாக இருந்ததால் ஸ்கூட்டர் ஓட்டுவதில் அவருக்குச் சிரமமில்லை. பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. அதுதானே அவளுக்கு வேண்டியது!

ஏணிமேல் நின்று இலைகளைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் இல்லைதான் போல," என்பார். இவள் கீழே நின்று மூச்சுவிடுவாள்.

வினை ரொட்டி உருவத்தில் வந்தது. அன்று அக்காவுக்கு அரை நாள் விடுப்பு; கண்ணாடிக்காரியும் சாப்பாட்டுக்கு வீடு வந்திருந்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்த அக்கா, ஒரு பையை மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். உள்ளே ஒரு பன். பன் என்றா சொன்னேன்? ஒரு தலையணை.

"ஒண்ணுதான் வாங்கினேன்," என்றாள் அக்கா. "தலைக்கு வெச்சுத் தூங்கலாம். உன் ரொட்டிக்காரருக்கு எடை மெஷின்ல புள்ளி தெரியலையாம். ஈஸ்ட்டைப் பத்து மடங்கு போட்டுட்டார். கடை முன்னாடி கூட்டம் கூடிச் சிரிக்குது. சாயங்காலத்துக்குப் பிசைஞ்சு வெச்சதும் அதே கதிதான். கண்ணாடியை எவளோ கண்ணாடிக்காரி வாங்கி வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கிறாளாம்."

கண்ணாடிக்காரி சட்டென்று எழுந்தாள். ஒரு மனுஷனின் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டாளே! கடைக்கு ஓடினாள், கண்ணாடியை எடுத்தாள், பேக்கரிக்கு ஓடினாள்.

உள்ளே, அண்டா மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு மாவு எழுந்து நின்றது. ரொட்டிக்காரர் இரண்டு கையாலும் அதை அமுக்கினார். இந்தப் பக்கம் அமுங்கினால் அந்தப் பக்கம் கிளம்பியது.

"நல்ல நேரத்துல வந்தீங்க! அந்தப் பக்கம் அமுக்குங்க!"

அவள் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே சொன்னாள். "உங்க கண்ணாடித் திருகு ஆடவே இல்லைங்க."

"அப்படியா? மேல வருது பாருங்க, அமுக்குங்க."

"மரத்துல பிஞ்சு பிடிச்சு ரொம்ப நாளாச்சு. நீங்க பார்த்துடக் கூடாதுன்னுதான் கண்ணாடியை..."

"தெரியும்."

அவள் கை நின்றது. மாவு விரலிடுக்கில் புஸ்ஸென்று பிதுங்கியது.

"தினம் மாவு பிசையற கைங்க இது," என்றார் அவர், அண்டாவைப் பார்த்தபடியே. "மாவுல கட்டி இருந்தாலே சொல்லிடும். பட்டாணி அளவு பிஞ்சைச் சொல்லாதா? கிளிப்பையெல்லாம் தடவிப் பார்த்து நானே திரும்ப மாட்டிட்டு வந்தேன்."

"அப்ப ஏன் 'ஒண்ணும் இல்லை'ன்னீங்க?"

அவர் மாவுக் கையால் பின்கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். பின்கட்டில் அவருடைய மரம் நின்றது. கொத்துக் கொத்தாகக் காய், ஒவ்வொன்றும் கோலிகுண்டு அளவுக்கு. மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை.

"இங்க பூ முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஆச்சு, கொஞ்ச நாள்."

"அப்ப தினம் கொண்டுவந்தது?"

"ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை இருக்கில்ல? வேலை முடிஞ்சதும் அங்க போய் வெட்டிட்டு வருவேன். பண்ணைக்கார அம்மாகூடக் கேட்டுச்சு. 'ஏம்பா, உன் மரந்தான் காய்ச்சுக் குலுங்குதே, இன்னும் யாருக்குப் பூ'ன்னு."

கண்ணாடிக்காரிக்கு முதலில் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாகத் திரும்பிக்கொண்டது. அடக்க வாயைப் பொத்தினாள். மாவு மீசையாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அவர் சிரிக்க, இவள் இன்னும் சிரிக்க, அண்டாவைக் கவனிக்க ஆளில்லை.

"அப்ப நாளைக்கு?" என்றாள், மூச்சு வாங்க.

அவர் முகம் தொங்கியது. "பண்ணையிலயும் பூ முடிஞ்சு போச்சுங்க. இன்னைக்குக் கொண்டுவந்ததுதான் கடைசி வாளி. அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து வாய் வரைக்கும் வருது..." தொண்டையைச் செருமினார். "வாளி இல்லாம வந்தா உங்க அக்கா உள்ள விடுவாங்களா?"

"வாசல்லயே நிக்க வெச்சுக் கேள்வி கேப்பா."

"என்ன கேப்பாங்க?"

"எதுக்கு வந்தீங்கன்னு."

"உங்களைப் பார்க்கன்னு சொன்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணாடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் தன் முகம் அவருக்குச் சரியாகத் தெரியாதே என்று பட்டது, எடுத்து மாட்டிவிட்டாள்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்றாள். "அக்காவுக்கு இன்னைக்கு அரை நாள் லீவு. வீட்டுலதான் இருக்கா."

"இப்பவேவா? மாவு?"

"அது எங்க போயிடப் போகுது?"

திரும்பிப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே வாசல்வரை போயிருந்தது. இருவரும் அதை ஒரே தாண்டாகத் தாண்டி ஸ்கூட்டரில் ஏறினார்கள்.