ஒரு விரல் உயரம்

திருப்புளியைக் கால் சுற்று திருப்பிவிட்டு அவர் கையை எடுத்தார். எஞ்சின் வேகம் ஏறியது, நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று. இறங்கியது, அறுநூறு. அணைந்துவிடும் போலத் தடுமாறி மறுபடி ஏறியது.

மூன்று வாரமாக இப்படித்தான்.

ஷெட்டிலிருந்து காரைத் தள்ளிவந்து படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நிறுத்தியிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனைவி படுத்திருந்தாள். காலையில் வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு யாரும் வெளிய போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். நாற்பது வயதாகிறது அதற்கு. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊராரைத் திட்டித் திட்டி ஓட்டவைத்தவள், தனக்கென்று வாங்கிய ஒரே வண்டி. எஞ்சின் அவர் பொறுப்பு, அவர் மெக்கானிக். ஓட்டுவதும் ஆயில் பார்ப்பதும் அவள் பொறுப்பு. ஆயில் குச்சியை அவர் தொட விடமாட்டாள். "நீங்க பாக்கறதோட நிறுத்த மாட்டீங்க. கழட்டிடுவீங்க" என்பாள்.

கழற்றத்தான் செய்தார். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில், அவளைக் கேட்காமல், பழைய ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு அகலமான குழாயும் திறந்த ஃபில்டரும் மாட்டினார். எஞ்சின் தாராளமாக மூச்சு இழுக்கும், வந்ததும் அவள் அசந்து போவாள் என்று நினைத்தார். மாட்டிய அன்று ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், கல் மாதிரி நின்றது. அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் ஜன்னலைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தார். ஆட ஆரம்பித்தது.

"என் வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த எஞ்சினில் பெட்ரோலை அளப்பதே காற்றுதான். உள்ளே போகும் காற்று ஒரு தகட்டைத் தூக்கும். தகடு எழும்பும் அளவுக்குப் பெட்ரோல் பாயும். தகட்டுக்குத் தெரியாமல் வேறு பொத்தல் வழியாகக் காற்று நுழைந்தால் அளவு தப்பிவிடும். அந்தப் பொத்தலைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஹோஸ்களை மாற்றினார். கேஸ்கட்டை மாற்றினார். நேற்று பழைய பெட்டியையே திரும்ப மாட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. தான் செய்ததையெல்லாம் அவிழ்த்துவிட்ட பிறகு இன்னும் என்ன மிச்சம் என்று அவருக்குப் புரியவில்லை.

மச்சினி வாசலுக்கு வந்தாள்.

"அத்தான், நல்லாவா இருக்கு இது? உள்ள அவ மூச்சுக்கு நாங்க காவல் இருக்கோம். நீங்க ஸ்பேனரோட நிக்கறீங்க."

"அவதான் கேட்டா."

"என்ன கேட்டா?"

"சரியா நிக்கறத ஒரு தடவ கேக்கணும்னா."

"அவ சொன்னதெல்லாம் நீங்க கேட்டிருந்தா அந்தப் பெட்டிய தொட்டே இருக்க மாட்டீங்க."

அவர் மச்சினி போகும்வரை காத்திருந்தார். பிறகு, ஒரு மெக்கானிக் செய்யக்கூடாததைச் செய்தார். ஐடில் ஸ்க்ரூவை இரண்டு சுற்று திறந்துவிட்டார். எஞ்சின் ஆயிரத்து ஐநூறுக்கு ஏறி அங்கேயே ஓடியது. வேகத்தில் ஆட்டம் அமுங்கிவிட்டது. தெரியாதவன் கேட்டால் குறை சொல்லமாட்டான்.

கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனார். மகள் கட்டில் ஓரத்தில் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிஜன் இயந்திரம் அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார்.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. உதடு அசைந்தது. மகள் குனிந்து காதை வைத்தாள்.

"என்ன சொல்றா?"

மகள் தயங்கினாள். "இது நிக்கலையாம். ஓடுதாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஸ்க்ரூவ திறந்துட்டாராம் டாக்டரு." மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் கையில் கிரீஸோடு வீட்டுக்குள் வரும்போதெல்லாம் மனைவி கூப்பிடும் பெயர் அது.

மீண்டும் உதடு அசைந்தது. இந்தத் தடவை அவருக்கே கேட்டது.

"போதும். வந்து உக்காருங்க."

"பத்து நிமிஷம்" என்றார். "பத்தே நிமிஷம். கண்டுபிடிச்சிடுவேன்."

அவள் விரல் போர்வைமேல் ஒருமுறை எழுந்து அடங்கியது. சரி என்றா, போகவேண்டாம் என்றா தெரியவில்லை. அவர் வெளியே வந்துவிட்டார்.

ஸ்க்ரூவைப் பழையபடி மூடினார். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் அடித்தார். பொத்தல் இருக்கும் இடத்தில் அடித்தால் எஞ்சினின் ஓசை மாறும். மாறவில்லை. அடுத்த இணைப்பு. மாறவில்லை. எஞ்சின் ஏறியது, இறங்கியது. இரைச்சலில் வேறொன்றும் காதில் விழவில்லை. உள்ளே மகள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

மச்சினி வந்து அவர் கையைத் தட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. அப்போதுதான் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் சத்தமும் இல்லை என்று தெரிந்தது. யாரோ அதையும் நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு அவளை எடுத்துப்போக வேன் வருவதாகச் சொன்னார்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. வழியை அடைத்துக்கொண்டு மஞ்சள் கார் ஜன்னலடியிலேயே இருந்தது.

"அப்பா, வண்டிய எடுக்கணும்" என்றாள் மகள். அழுது முடித்த குரல். "நான் எடுக்கட்டா?"

"வேணாம். ராவெல்லாம் பனி. ஆயில் பாத்துட்டு எடுக்கலாம்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அது அவ வேல."

"அம்மாதான் அன்னைக்கே பாத்துட்டாங்களே."

"என்னைக்கு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தன்னைக்கு. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. ஷெட்டுக்குப் போகணும்னு ஒரே அடம். நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். கை ஆடுது, வேணாம்மான்னேன். கேட்டாதானே."

அவர் பானெட்டைத் தூக்கினார். உடனே உள்ளே பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்.

ஆயில் குச்சி அதன் குழாயிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. எஞ்சினுக்குள் காற்று நுழைய அந்த இடைவெளி போதும். மூன்று வாரமாக அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைவிட்டு அத்தனையும் கழற்றியிருக்கிறார். தன் பொறுப்பு இல்லை என்பதால் அதை மட்டும் பார்த்ததில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில், குச்சியைத் துடைத்து நாலாக மடித்த துணி ஒன்று செருகியிருந்தது. அவள் மடிப்பு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ. சித்தி தனியா இருக்கா."

மகள் போனாள். அவர் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஏறியது, இறங்கியது. குச்சியின் வளையத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். ரப்பர் உட்கார்ந்தது.

எஞ்சின் ஆடாமல் ஒரே வேகத்தில் நின்றது. எண்ணூறு. மீட்டர் முள் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடிகூட அதிரவில்லை.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மச்சினி ஆக்ஸிஜன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேன் டிரைவர் ஒரு தடவை ஹாரனை லேசாகத் தொட்டான்.

அவர் வளையத்துக்குள் விரலை விட்டுக் குச்சியை மேலே இழுத்தார். அவள் விட்டிருந்த அதே ஒரு விரல் உயரம். பானெட்டை மூடிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தார்.

வேன் டிரைவர் கேட்டைத் திறந்துவிட்டு அருகில் வந்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"சார், எங்கயோ காத்து இழுக்குது. ஐடில் ஆடுது பாருங்க."

"தெரியும்" என்றார்.

ரிவர்ஸ் போட்டார். வண்டி ஆடி ஆடிப் பின்னால் நகர்ந்து வழிவிட்டது.