களவு விசாரிக்கப் போன விரல்

கந்தப்பன் அந்த வீட்டுக்குப் போனது உண்மை. பெட்டியைத் தொட்டதும் உண்மை. திருடவில்லை என்பதும் உண்மை. இந்த மூன்றில் கடைசி ஒன்றை மட்டும் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம், மற்ற இரண்டும் வாயைத் தாண்டினால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் தன் வக்கீலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வக்கீல் துரைசுவாமிக்கு அது முதல் கிரிமினல் கேஸ். கல்பாத்தியிலிருந்து பஸ் பிடித்துக் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து, அவருடைய உண்மைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நான் எதை வெச்சு வாதாடறது, கவுண்டரே?"

"அதுக்குத்தானுங்களே சாமி வக்கீலு வெக்கறது? உள்ளதச் சொல்லோணும்னா நானே சொல்லிப்போட மாட்டனா?"

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கந்தப்பனுக்கும் அவருடைய பெரியப்பா மகன் குப்பண்ணனுக்கும் தோட்டம் அடுத்தடுத்து. வாய்க்கால் தண்ணீரின் முறையில் கிளம்பிய சண்டை, எட்டு வருஷமாகப் பேச்சில்லை, போக்குவரத்தில்லை. கோயிலில் ஒருவர் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்வரை மற்றவர் வேப்பமரத்தடியில் நின்று சாமிக்கே கோபம் வரும் அளவுக்குத் தாமதம் செய்வார்.

அந்தத் தை மாதம் குப்பண்ணன் வீட்டு ட்ரங்குப் பெட்டியை யாரோ உடைத்து, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் களவு போன வீட்டுக்குச் சாவு வீட்டுக்குப் போவதுபோலவே போகவேண்டும். களவு விசாரிப்பது என்று அதற்குப் பெயர். வந்தவர் உடைந்த பெட்டியின் மேல் கை வைத்து நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் வெற்றிலை கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால், வந்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இவரும் போயே தீரவேண்டும். வராதவனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஆகவே போலீஸ் வந்து சேர்வதற்குள் ஊர் மொத்தமும் பெட்டியைத் தடவிவிட்டுப் போயிருந்தது.

கந்தப்பனும் போனார். குப்பண்ணன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்த மத்தியானமாகப் பார்த்து, தோட்டத்துப் பக்கமாக.

"எங்க பாட்டனாரு வாங்குன பொட்டிங்க அது. பாகம் பிரிக்கறப்ப அவனுக்குப் போயிருச்சு. ஒடச்சுட்டாங்கன்னு கேட்டதும் மனசு கேக்கலீங்க. அவனுக்காகப் போகலீங்க சாமி, பொட்டிக்காகப் போனனுங்க. அந்தம்மா வெத்தல குடுத்துது, மறுக்க முடீல, போட்டுக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் குப்பண்ணனிடம், யாருடனாவது பகை உண்டா என்று கேட்டார். பங்காளியோடு பேச்சில்லை என்றார் குப்பண்ணன். அவன் மேல் சந்தேகம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. பெட்டியின் மேல் இருந்த கைத்தடங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று. அது கந்தப்பனுடைய வலக்கை ஆள்காட்டி விரல். களவு விசாரிக்க வந்தவர்கள் பெயரையெல்லாம் குப்பண்ணன் சொன்னார். அதில் கந்தப்பன் பெயர் இல்லை. வராத மனிதனுடைய விரல் வந்திருக்கிறது என்றால் எதற்கு வந்திருக்கும்?

நிரூபணமானால் விய்யூர் ஜெயில். கந்தப்பனுக்கு அது தெரியும். "ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்துருவான் சாமி. அவன் ஊட்டுப் படி ஏறுனவன் திரும்பி எறங்க முடியாதுங்க" என்றார்.

எனவே கேஸிலேயே நேர்மையாக நடந்துகொண்ட அந்த ஒரு விரலைத் துரைசுவாமி பொய் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. சீனியரிடம் ரேகை சாஸ்திரம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கடன் வாங்கி வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். விளக்குக் கரியை வழித்து வைத்துக்கொண்டு வீட்டுப் பாத்திரங்களில் பரீட்சை செய்தார்.

"ஏன்னா, ஆத்துல இருக்கற டம்ளரையெல்லாம் கரியாக்கி வெச்சிருக்கேளே" என்றாள் அவர் மனைவி ஞானம். "திருடன் பாலைக் குடிச்சுட்டா போனான்?"

தன் விரலையும் அவள் விரலையும் பூதக்கண்ணாடியில் பார்த்து எது யாருடையது என்று குழம்பியபோது அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தனக்கே தெரியாதது நிபுணருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அடுத்த நிமிஷமே, தனக்குத் தெரியாதது எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கிறதே என்று தோன்றி அந்தத் தைரியமும் போயிற்று.

விசாரணை நாள் வந்தது. கேரளம் பிறந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. கோர்ட்டில் சட்டம் இங்கிலீஷிலும், அதட்டல் மலையாளத்திலும், சாட்சி தமிழிலும் நடந்துகொண்டிருந்தன. மாஜிஸ்திரேட்டுக்கும் அதுதான் முதல் ரேகைக் கேஸ். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த நிபுணர் மிக்கேல் இரண்டு பெரிய போட்டோக்களை மேசையில் விரித்ததும் அவர் நாற்காலியை விட்டே எழுந்து வந்துவிட்டார்.

"இது பெட்டியில் இருந்தது. இது எதிரியின் விரல். ஒற்றுமைகளுக்கு எண் போட்டிருக்கிறேன்" என்றார் மிக்கேல்.

துரைசுவாமி எழுந்தார். "நிபுணர்களுக்கும் தவறு நேரலாம் அல்லவா?"

"நேரலாம். இதில் நேரவில்லை."

"சொந்த வீட்டார் இருவரின் ரேகை ஒரே மாதிரி தோன்றும் என்று நான் சொல்கிறேன். நானே சோதித்துப் பார்த்தேன்."

"என்ன தூள் உபயோகித்தீர்கள்?"

"விளக்குக் கரி."

"அதனால்தான்" என்றார் மிக்கேல், நோயாளியிடம் டாக்டர் பேசுவதுபோல.

கோர்ட் சிரித்தது. துரைசுவாமிக்குக் காது சுட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார். சும்மா உட்கார்ந்தால் தோற்ற மாதிரி இருக்குமே என்று, "சரி, நீங்கள் என்ன தூள் உபயோகித்தீர்கள்?" என்று கேட்டுவைத்தார்.

"இந்தத் தடத்துக்குத் தூளே தேவைப்படவில்லை. கறுப்புப் பெயின்ட் மேல் வெள்ளையாக அதுவே தெரிந்தது. சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவது."

துரைசுவாமி இரண்டு முறை அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். பெட்டியைத் திறக்கும் முன் திருடன் உட்கார்ந்து வெற்றிலை மடித்திருக்கிறான்! அதை உரக்கச் சொன்னார். சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்து, "திருடன் வெற்றிலை போடக் கூடாது என்று எந்தச் செக்ஷன் சொல்கிறது?" என்றார்.

ஆனால் மாஜிஸ்திரேட் காதில் அது விழுந்துவிட்டது. களவு கொடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிடச் சொன்னார். குப்பண்ணன் மனைவி வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினாள்.

கட்சிக்காரருக்குக் கொடுத்த வாக்கு துரைசுவாமிக்கு நினைவில் இருந்தது. கேள்வி கேட்பது சொல்வதாகாது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

"வீட்டுக்கு வந்தவாளுக்கு வெத்தலை குடுப்பேளா அம்மா?"

"குடுக்காம? நாங்க என்ன மனுச மக்க இல்லீங்களா?"

"கந்தப்பக் கவுண்டருக்குக் குடுத்தேளா?"

வள்ளியாத்தாள் புருஷனைப் பார்த்தாள். குப்பண்ணன் கூரையைப் பார்த்தார்.

"கொழுந்தனாரு எங்கூட்டுப் பக்கமே வரலீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்திருந்தா குடுத்திருப்பனுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் கந்தப்பன் பக்கம் திரும்பி, விரல் உன்னுடையது, சுண்ணாம்பும் இருக்கிறது, அந்த வீட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டாயா என்று குமாஸ்தா மூலம் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரைசுவாமி கண்ணாலும் புருவத்தாலும் கெஞ்சினார்.

கந்தப்பன் முகம் சிவந்துவிட்டது. "அவன் ஊட்டு வெத்தலய நான் வாங்குவனா? என்ன பேச்சுங்க இது! திருடத்தானுங்க போனேன். எளுதிக்குங்க!"

கோர்ட் திகைத்தது.

"சங்கிலி எங்கே?"

"தொலஞ்சு போச்சுங்க."

"எங்கே தொலைந்தது?"

"அது தெரிஞ்சா தொலஞ்சதுன்னு சொல்லுவனுங்களா?"

மாஜிஸ்திரேட், "மதி, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லிக் கையமர்த்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று சொல்லி எழுந்தார். போகும்போது பூதக்கண்ணாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

எதிரே டீக்கடையில் குப்பண்ணன் குடிக்காத டீயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரைசுவாமி நேரே அங்கே போனார். எதிர்க்கட்சிச் சாட்சியோடு பேசலாமா என்ற சந்தேகம் பாதி வழியில்தான் வந்தது. அதற்குள் கால் கடைக்குள் வைத்தாயிற்று.

"அவர் வந்தது உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"அன்னிக்குப் பொளுது சாயறதுக்குள்ளயே ஊட்ல சொல்லிப்போட்டாங்க."

"பின்னே சொல்லப்படாதா? ஒரு மனுஷர் அநியாயமா ஜெயிலுக்குப் போறாரே!"

"அவன் வந்தான்னு நாஞ் சொன்னா, அடுத்து அவன் ஊட்டுக்கு நான் போயாகோணும். எட்டு வருசம் வெச்சுருந்தத ஒரு வெத்தலைக்கு உட்டுப்போட முடியுங்களா?" குப்பண்ணன் டீயைத் தள்ளி வைத்தார். "ஆனா அவன் இப்படித் திருடுனேன்னு கத்துவான்னு நான் நெனைக்கலீங்க. எங்க கூட்டத்துல திருடனா! நாளைக்கு எம் பொண்ணப் பாக்க வர்றவன் அதத்தானுங்க மொதல்ல கேப்பான். முட்டாப்பய. சின்னதுல இருந்தே இப்படித்தான். கெணத்துல குதிக்காதடான்னா குதிப்பான்."

குப்பண்ணன் எழுந்து தோளில் துண்டை உதறிப் போட்டார். "என்னய மறுக்காக் கூப்பிடச் சொல்லுங்க."

கூப்பிட்டார்கள். குப்பண்ணன் கூண்டில் ஏறி, கந்தப்பன் நின்ற திசையை மட்டும் தவிர்த்து எல்லாரையும் கும்பிட்டார்.

"பொட்டி ஊட்லயே இருக்கலீங்க. பூட்டு ஒடஞ்சிருச்சேன்னு ஆசாரி பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனனுங்க. போலீசு பாக்காமத் தொட மாட்டேன்னுட்டாரு, திருப்பித் தூக்கியாந்துட்டேன். பட்டறைல ஊரே நின்னு தொட்டுப் பாத்துதுங்க."

"எதிரி அங்கே இருந்தாரா?"

"இருந்திருப்பானுங்க. அவன் நிக்கற பக்கம் நான் பாக்கறதில்லீங்க."

"சுண்ணாம்பு?"

"பட்டறைல வெத்தல குடுக்கறதுக்கு ஊட்டுக்காரங்க ஆருங்க? அவனவன் மடியில இருக்கறத அவனவன் போட்டுக்குவான்."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சர்க்கார் வக்கீல் கத்தினார். "ஆரும் கேக்கலீங்களே" என்றார் குப்பண்ணன், பச்சைக் குழந்தைபோல.

மாஜிஸ்திரேட் கந்தப்பனைக் கேட்டார். கந்தப்பன் யோசித்தார். படி ஏறவில்லை. வெற்றிலை வாங்கவில்லை. பட்டறை யாருடைய வீடும் இல்லை. அவர் முகம் மெள்ளத் தெளிந்ததைத் துரைசுவாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னனுங்க. கலப்பைக் கொழு அடிக்கப் போனேன்."

"அப்புறம் எதற்குத் திருடினேன் என்று சொன்னாய்?"

"அவன் ஊட்டு வெத்தல வாங்குனயான்னு கேட்டுப்போட்டீங்க. ரோசம் வந்துருச்சுங்க."

அன்று சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை.

தீர்ப்பு நீளமாக இருந்தது. மனிதர்கள் மறப்பார்கள், மாற்றிச் சொல்வார்கள், ரேகை மட்டும் பொய் சொல்லாது என்று மாஜிஸ்திரேட் சாஸ்திரத்தைப் புகழ்ந்தார். அந்த விரல் கந்தப்பனுடையதே என்பதில் சந்தேகமில்லை. அது பட்டறையில் பதிந்தது என்பதையும் சாட்சியங்கள் காட்டுகின்றன. எதிரி விடுதலை. மிக்கேல் போட்டோக்களைத் திருப்தியோடு சுருட்டிக்கொண்டார். சங்கிலியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வாசலில் பங்காளிகள் இருவரும் துரைசுவாமிக்கு இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வக்கீலய்யா" என்றார் குப்பண்ணன் தெருவைப் பார்த்து, "இதுக்காக எங்கூட்டுப் படி ஏறோணும்னு ஒண்ணுமில்லீன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லிப்போடுங்க."

"சாமி, ஏறச் சொன்னாலும் ஏற மாட்டேன்னு நீங்களும் சொல்லிருங்க" என்றார் கந்தப்பன் வேலியைப் பார்த்து.

துரைசுவாமி யாருக்கு முதலில் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஆசாரி பெரியமுத்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பட்டறை கேஸில் வந்துவிட்டது என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, என்ர பட்டறைலயா பொட்டிய வெச்சீங்க? தைப்பூசத்துக்கு நான் காவடி எடுத்துக்கிட்டுப் பழனிக்கல்ல போயிருந்தேன்? அந்த வாரமெல்லாம் பட்டறை பூட்டிக் கெடந்துச்சுங்களே!"

"நீ சித்த சும்மா இரு ஆசாரி!"

இரண்டு குரலும் ஒரே சமயத்தில் வந்தன, ஒரே அதட்டலாக. எட்டு வருஷத்தில் பங்காளிகள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது. இருவரும் அதிர்ந்து ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டார்கள். உடனே கந்தப்பன் பஸ்ஸுக்கும், குப்பண்ணன் பஸ்ஸுக்குப் போகாத வழியிலுமாக விறுவிறுவென்று நடந்தார்கள்.

பெரியமுத்து ஒன்றும் புரியாமல் துரைசுவாமியைப் பார்த்தார். "சாமி, படிச்சவிய நீங்க சொல்லுங்க. நான் பழனிக்குப் போனனுங்களா இல்லீங்களா?"

எதையும் இரண்டு தடவை யோசிக்கிற துரைசுவாமி இந்த முறை யோசிக்கவில்லை.

"போகலை" என்றார்.